துப்பாக்கிக் குழலின் நீளமும் செவியின் நலமும்

(வேலப்பன்சாவடியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையிலே கல்வியைக் குறித்தும், சிக்கனத்தைக் குறித்தும், விவாகச் செலவைக் குறைக்க வேண்டிய அவசியத்தைக் குறித்தும் உபந்நியாசங்கள் நிகழ்வது வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ துப்பாக்கிக் குழலின் நீளத்தைப் பற்றியது. குடும்பஸ்தர்களும் குழந்தைகளும் கூடியிருக்கும் சபையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தை முதலில் நீக்கிவிட்டு மேலே செல்வோம்.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேல் உள்ளது. வழிப்போக்கர் தங்கும் சாவடியின் பெயரையே தன் பெயரிற் கொண்ட ஊர் இது. இச்சாலை வழியே பட்டாளங்கள் போய்வந்த காலம் நெடியது. கும்பெனியார் காலத்தில் பூந்தமல்லியிலே ஐரோப்பியச் சிப்பாய்களுக்குத் தங்குமிடம் இருந்தது. பரங்கிமலை பீரங்கிப் படையின் இருப்பிடமாயிருந்தது. இன்றைக்கு நமக்கு வடமேற்கே உள்ள ஆவடியிலே தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நிலையமும், டாங்கி செய்யும் பெருந் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் காவல் படைக்கும் பட்டாளத்துக்கும் மனுப் போடுவது இயல்பே. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அத்தகைய பிள்ளைகள் பலர். இப்போது பெண்மக்களும் அவ்வுத்தியோகங்களுக்குச் செல்கின்றனர். அவ்வழியே சென்று ஊழியம் செய்து ஓய்வு பெற்றுத் திரும்பிய பெரியோர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிற் சிலரோடு பேசும்போது ஒன்றுக்கு இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதாகிவிட்டது, காது மந்தம் என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். அது வயதினால் மட்டும் வந்ததன்று. துப்பாக்கி கொடுத்த வரும்படியும் அதில் உண்டு. ஆதலால் இவ்விஷயம் நம் குடும்ப விஷயமே.

இளைஞர் சிலர் சினிமாவில் வரும் குட்டைத் துப்பாக்கியைக் கண்டு, குழல் குறுகினால் எல்லாம் நன்மையே என்று நினைக்கின்றனர். கிராமங்களில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர், குழலைச் சிறிது அறுத்துவிட்டால் கைக்கு அடக்கமாயிருக்கும் என்று பேசுவதையும் கேட்டிருக்கிறோம். இவ்விரு எண்ணங்களையும் சீர்தூக்கிப் பார்ப்பதே நம் நோக்கம்.

குழல் செய்யும் வேலை

நம்மூர்க் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுவதை எல்லோரும் அறிவோம். குட்டையான இரும்புக் குழாயிலே மருந்தைக் கெட்டித்து நெருப்பு வைக்கிறார்கள். ஊரே அதிர்கிறது. அங்கே குண்டு ஒன்றும் பறப்பதில்லை, சத்தமே வேண்டப்படுவது. ஆகையால் குழாய் குட்டையாயிருப்பதே அங்கே சிறப்பு. மருந்து எரிந்து உண்டான காற்று தன் பலத்தை வேறெதிலும் செலவிடாமல் அப்படியே வெளியில் வந்து ஆகாயத்தை அறைகிறது.

துப்பாக்கியிலோ நாம் விரும்புவது குண்டின் வேகம். தோட்டாவிலுள்ள மருந்து எரிந்தவுடன் உண்டாகும் காற்றின் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 4,000 மடங்காக இக்காலத் துப்பாக்கிகளில் உயர்கிறது. அக்காற்று குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டு குழலின் உள்ளே முன்செல்லச் செல்லக் காற்றுக்கு இடம் அகல்கிறது. அதன் அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்த பலமெல்லாம் குண்டின் வேகமாக மாறுகிறது. குண்டு குழல்வாயை விட்டு நீங்கும் கணத்தில், மிஞ்சிய அழுத்தத்தோடு அக்காற்று பின்னாலேயே பாய்ந்து வெளிவருகிறது. அப்பாய்ச்சலே நாம் கேட்கும் வெடி. இவ்வளவும் நடந்து முடிவதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு காலமே ஆகிறது.

ஆகவே சூத்திரம் இதுதான்: நீண்ட குழலில் காற்றின் பலம் குண்டுக்குப் போகிறது, குறுகிய குழலில் அதன் மிச்சம் வெளியில் வெடியாகப் போகிறது. குழலைக் குறைக்கக் குறைக்கத் துப்பாக்கி அதிர்வேட்டை நோக்கிச் செல்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் குறைந்த நீளத்துக்கு ஒத்த அளவில் வேகமும் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கர்களின் எம்-16 துப்பாக்கிக்குக் குழல் 508 மி.மீ. நீளம், குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 950 மீட்டர். அதே தோட்டாவைப் பயன்படுத்தும் எம்-4 என்னும் கார்பைனுக்குக் குழல் 368 மி.மீ.; வேகம் 900 மீட்டருக்கு அருகில். குழலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று; வேகத்திலோ இருபதில் ஒரு பங்கை ஒட்டித்தான் போயிற்று. இதைக் கண்டே குழலைக் குறைப்பவர்கள் தைரியம் கொள்கின்றனர். வேகத்தில் நஷ்டம் சிறிது என்பது மெய். சத்தத்திலும், வாய்வெடியிலும், தீக்கொழுந்திலும் ஏறும் கூலியை அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை.

பழைய துப்பாக்கிகளின் கதை

குழல் குறுகி வந்த சரித்திரம் நம் தேசத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. திரித்துப்பாக்கிக் காலத்தில் கரிமருந்து மெல்ல எரிந்தது. ஆகையால் நம் நாட்டார் துப்பாக்கிகளின் குழல்கள் மிக நீண்டிருந்தன. ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டில் தம் காலாட்படைக்குக் கொடுத்த மஸ்கெட்டின் குழல் முதலில் 46 அங்குலம்; பின்பு 42 அங்குலம் ஆயிற்று. கிழக்கிந்தியக் கும்பெனியாரோ தம் சிப்பாய்களுக்கு 39 அங்குலக் குழலுள்ள மஸ்கெட்டைச் செய்வித்தனர். அது செய்வதற்கு எளிது, விலை குறைவு, தூக்கிச் செல்லவும் இலகு. பிரெஞ்சுக்காரரோடு யுத்தம் மூண்டு துப்பாக்கிக்கு முடை வந்தபோது, 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கத்தாரும் அந்த 39 அங்குலத் துப்பாக்கியையே தம் சேனைக்கு எடுத்துக்கொண்டனர். 'இந்தியா மாதிரி' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இந்தியச் சிப்பாய்க்கென்று சிக்கனமாகச் செய்தது ஐரோப்பாவின் பெரும் யுத்தங்களுக்கும் போதுமானதாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த மாறுதல் போயர் யுத்தத்துக்குப் பின் வந்தது. அதுவரையில் காலாட்படைக்கு 30.2 அங்குலக் குழலுள்ள நீண்ட லீ-என்ஃபீல்டு. குதிரைப்படைக்குத் தனியே குட்டைக் கார்பைன். இரண்டுக்கும் நடுவாக 25.2 அங்குலக் குழல் வைத்து, யாவருக்கும் ஒரே துப்பாக்கி என்று ஏற்படுத்தினர். குறி பார்ப்பதில் வல்லவரான சிலர், ஐந்து அங்குலம் போய்விட்டதே, இனிக் குறி எங்ஙனம் நிற்கும் என்று பெருங் கூச்சலிட்டனர். 1914-இல் மூண்ட மகாயுத்தம் அவர்கள் வாயை அடக்கிற்று. வங்காளத்தில் இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையிலே இதே துப்பாக்கி பல்லாண்டு செய்யப்பட்டது. நம் நாட்டுப் போலீஸார் தோளில் தலைமுறை தலைமுறையாய்த் தொங்கிய '303' அதுவே. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தனர்.

இவ்விரு கதைகளையும் கேட்டவர், குறைக்குந்தோறும் நன்மையே என்று முடிவு செய்தல் கூடும். மூன்றாவது கதையையும் கேட்க வேண்டும். இரண்டாம் மகாயுத்தத்தின் இறுதியில், காட்டிலே போரிடுவதற்கு இலகுவான துப்பாக்கி வேண்டும் என்று கருதி, 1944-ஆம் ஆண்டு முதல் ஐந்தாம் நம்பர் லீ-என்ஃபீல்டு ஒன்றைச் செய்தனர். 'ஜங்கிள் கார்பைன்' என்பது அதன் வழங்குபெயர். அதற்கு முந்திய நான்காம் நம்பர் துப்பாக்கிக்கு 25.2 அங்குலக் குழல். எடை 4 கிலோவுக்குச் சற்று மேல். புதியதற்கு 18.8 அங்குலக் குழல், எடை 3.2 கிலோ. மலாய் நாட்டில் 1948-இல் தொடங்கிய கலகக் காலத்தில் அது ரப்பர்த் தோட்டங்களினூடே மிகுதியாக வழங்கிற்று. நம் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய தோட்டங்களும் அவற்றுள் அடங்கும்.

தூக்கிச் செல்ல அது சுகமே, சுடுவதற்கோ துன்பம். தோட்டா மாறவில்லை, மருந்தின் அளவும் மாறவில்லை. நீண்ட குழலுக்கென்று அளந்து வைத்த மருந்து குட்டைக் குழலில் எரிந்தபோது, மிச்சக் காற்று பெரும் ஓசையோடும் தீக்கொழுந்தோடும் வெளிப்பட்டது. கொழுந்தை மறைக்கக் குழல்வாயிலே கூம்பு வடிவமான மூடி ஒன்று வைத்தனர். துப்பாக்கி இலகுவானதால் தோளிலே உதைப்பு மிகுந்தது. அதைத் தாங்கக் கட்டையின் அடியில் ரப்பர் வைத்தனர். எடை போயிற்று, ஆனால் எடை தாங்கிய உதைப்பு தோளுக்கு வந்தது. குறியும் நிலையாக நில்லாமல் விலகுகிறது என்று குறை சொன்னார்கள். 1947-ஆம் ஆண்டோடு அதைச் செய்வதை நிறுத்திவிட்டனர்.

அந்த மூடியால் ஓசை குறையாதா என்று கேட்கலாம். குறையாது. தீக்கொழுந்து என்பது, எரிந்தும் எரியாமலும் வெளிவந்த சூடான வாயு வெளிக்காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து மறுபடியும் பற்றிக்கொள்வதனால் உண்டாவது. மூடியானது அக்கலப்பைச் சிதறடித்துக் கொழுந்தை அடக்குமேயன்றி ஓசையை அடக்காது. வேறொரு கருவி உண்டு. அது காற்றைப் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் திருப்பிவிட்டுத் தோளுதைப்பைக் குறைக்கிறது. அதனால் சுடுபவன் தோள் பிழைக்கிறது; அவன் செவியும் பக்கத்தில் நிற்பவன் செவியும் அதிகமாக அடிபடுகின்றன. தோளுக்குச் செய்த உபகாரம் காதுக்கு அபகாரமாய் முடிகிறது.

ஓசையின் கணக்கு

துப்பாக்கியின் ஓசை மூன்று வகை. முதலாவது நாம் சொல்லிவந்த வாய்வெடி. இரண்டாவது, ஓசையினும் வேகமாகச் செல்லும் குண்டு ஆகாயத்தைக் கிழிப்பதால் எழும் சாட்டையடி போன்ற வெடிப்பு. ஓசை வினாடிக்கு 340 மீட்டரை ஒட்டிச் செல்கிறது. நம் ஊர் வெயிலில் அதனினும் சற்று அதிகம். குண்டு 900 மீட்டர் செல்லும்போது அவ்வெடிப்பை எவராலும் தடுக்க இயலாது. மூன்றாவது, துப்பாக்கியின் இரும்பு உறுப்புகள் முன்னும் பின்னும் மோதும் ஓசை. குழலின் நீளம் பெரிதும் மாற்றுவது முதலாவதையே. அதற்குக் காரணம் இரண்டு. குழல் குறுகினால் வெளிவரும் காற்றின் அழுத்தம் அதிகம். அதோடு குழல்வாயும் சுடுபவனுடைய செவிக்கு அருகில் வந்துவிடுகிறது. கை ஓங்கியவன் பக்கத்திலும் வந்தால் அடி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஓசையை டெசிபல் என்னும் அளவால் அளக்கின்றனர். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். இந்த அளவையிலே ஒரு நுட்பம் உண்டு. 20 டெசிபல் ஏறினால் அழுத்தம் பத்து மடங்காகிறது. திடீரென்று எழும் ஓசைக்கு 140 டெசிபல் என்பதையே செவி தாங்கும் எல்லையாக மருத்துவரும் படைத்துறையினரும் பொதுவாகக் கொள்கின்றனர். ராணுவத் துப்பாக்கிகளின் ஓசையோ சுடுபவன் செவியருகில் 155 முதல் 165 வரை செல்கிறது. 160 என்று வைத்துக்கொண்டாலும் எல்லையைப் போல் பத்து மடங்கு அழுத்தம் அது. ஆகையால் நீண்ட குழலுள்ள துப்பாக்கி செவிக்குத் தீங்கற்றது என்று எவரும் எண்ண வேண்டா. நீண்டதும் தீங்கே, குறுகியது அதனினும் தீங்கு. மற்றவர் சுடும்போது வரிசையில் அடுத்திருப்பவனுக்கும், பின்னே நின்று பலருக்குக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியனுக்கும் இத்தீங்கு உண்டு. மாணாக்கன் ஒரு நாளில் சில பத்துத் தோட்டாக்களின் ஓசையையே கேட்கிறான். ஆசிரியனோ வரிசை முழுவதன் ஓசையையும் ஆண்டு முழுதும் கேட்கிறான். நான்கு சுவர்களுக்குள் சுட்டால் ஓசை திரும்பத் திரும்ப மோதுவதால் தீங்கு பெருகும்.

நம் நாட்டு இக்காலத் துப்பாக்கிகள்

ஐந்தாம் நம்பர் கார்பைன் கற்பித்த பாடத்தை நம் நாட்டு அறிஞர் எவ்வாறு கைக்கொண்டனர் என்பதை இனிப் பார்ப்போம். இன்சாஸ் துப்பாக்கியை நம்மவர் பலர் கண்டிருப்பர். இச்சாப்பூரிலும், நம் தமிழ்நாட்டிலே 1966-இல் ஏற்பட்ட திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது. அதன் குழல் 464 மி.மீ.; முழு நீளம் 960 மி.மீ.; தோட்டாவின் குறுக்களவு 5.56 மி.மீ., கூட்டின் நீளம் 45 மி.மீ. அத்தோட்டாவை மிகக் குட்டையான கார்பைனில் வைத்துச் சுட்டால் நாம் முன்சொன்ன தொல்லைகள் யாவும் வந்து சேரும். புனாவிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கென்று தோட்டாவையே மாற்றினர். குண்டின் குறுக்களவு அதே 5.56, கூட்டின் நீளமோ 45 மி.மீட்டருக்குப் பதிலாக 30 மி.மீ. மருந்து குறைவு, குட்டைக் குழலுக்கு ஏற்ற அளவு. இந்தக் கார்பைன் சுமார் 3 கிலோ எடையுள்ளது. 100 மீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்குப் பயன்படுவது. இதன் இறுதிச் சோதனை முடிந்ததாக 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தனர். தூரத்தை விட்டுக்கொடுத்து, ஓசையையும் உதைப்பையும் அடக்கிக்கொண்டனர். பாத்திரத்தைச் சிறிதாக்கினால் பாலையும் குறைத்தே காய்ச்ச வேண்டும். முன்போலவே ஊற்றினால் பொங்கி அடுப்பில் வழியும். நம் தாய்மார் அறிந்த இந்த நியாயமே இங்கும் செல்லுகிறது.

வேறொரு உபாயம் இஸ்ரவேலர் செய்த டவோர் என்னும் துப்பாக்கியில் உள்ளது. நம் கடற்படைக் கமாண்டோக்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். அதன் குழல் 460 மி.மீ.; அஃதாவது இன்சாஸுக்கு ஏறக்குறையச் சமம். முழு நீளமோ 720 மி.மீ. மாத்திரமே. தோட்டா வெடிக்கும் அறையை விசைக்குப் பின்னே தோட்கட்டைக்குள் அமைத்துவிட்டதால் குழலைக் குறைக்காமலே நீளம் குறைந்தது. குண்டின் வேகம் போகவில்லை. ஆனால் குழல்வாய் முகத்துக்கு அருகில் வந்துவிட்டது; ஆகையால் செவிக்கு முழு இளைப்பாறுதல் இதிலும் இல்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெற வேண்டும் என்னும் உலக நியதி துப்பாக்கியிலும் தவறுவதில்லை.

கையாளுதல்

கைக்கு எது நல்லது என்றால், வேலையைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். நீண்ட குழலின் எடை முன்புறத்தில் இருப்பதால் குறி பார்க்கும்போது ஆட்டம் குறைவு. இரும்புக் குறிமுள்ளை வைத்துக் குறி பார்க்குங்கால், முன்முள்ளுக்கும் பின்முள்ளுக்கும் இடைவெளி அதிகமாயிருத்தல் பிழையைக் குறைக்கும். கண்ணாடிக் குறிக்கருவி பொருத்திய துப்பாக்கியில் இந்த அனுகூலம் முக்கியமன்று. குட்டைக் குழலால் குறி தவறும் என்பது பொதுவான தப்பெண்ணம். குட்டைக் குழல் விறைப்பாயிருப்பதால் நன்றாகவே குறி நிற்கும். தூரத்தில் வேகம் குறைவதே அதன் குறை.

நீண்டது வண்டிக்குள் ஏறவும் இறங்கவும், வீட்டு வாயிலிலும் மாடிப்படியிலும் திரும்பவும் இடைஞ்சல் செய்யும். கூட்டத்தில் நிற்கும் காவலர் தோளில் 303-இன் முனை பக்கத்திலிருப்பவர் தலைப்பாகையில் இடிப்பதைப் பெரியோர் கண்டிருப்பர். மரத்தடிகளினூடே நெளிந்து செல்லவும், வாகனத்தில் அமர்ந்து காவல் செய்யவும் குட்டையே தகுதி. உயரம் குறைந்தவர்க்கும், கை நீளம் குறைந்த பெண் காவலர்க்கும் முன்னெடை மிகுந்த துப்பாக்கி தோளை அயர்த்துவது உண்மை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள துப்பாக்கியே. குழலை மட்டும் குறைத்துக் கொடுத்தால் கைக்கு உதவி செய்துவிட்டுக் காதைக் கெடுத்ததாகும்.

செவியைக் காத்தல்

செவியின் உள்ளே நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்கள் ஓசையை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. பெருவெடியால் அவை ஒடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பல் விழுந்தால் பல் கட்டலாம். கண் மங்கினால் கண்ணாடி போடலாம். செவியின் இவ்வணுக்களைப் புதுப்பிக்க இன்றளவும் மருந்தில்லை. காதுக் கருவி ஓசையைப் பெருக்கித் தருமேயன்றிப் பழைய தெளிவைத் திருப்பித் தராது. முதலில் போவது மேல்ஸ்தாயி ஓசைகள். குருவியின் குரலும், குழந்தையின் மழலையும், சொல்லுக்குத் தெளிவு தரும் மெய்யெழுத்துகளின் ஓசையும் முதலில் மங்குகின்றன. பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதனாலேயே இத்தகையோர் கல்யாண வீட்டில் மூலையில் ஒதுங்குகிறார்கள். மனைவி மக்களோடு வீண் கோபம் கொள்கிறார்கள். சிலருக்குக் காதிலே இரவும் பகலும் இரைச்சல் நிற்பதேயில்லை. வெளியே காயம் ஒன்றும் தெரியாமையால் எவரும் இரங்குவதும் இல்லை.

இதைத் தடுப்பதற்கு வேண்டிய செலவு மிகச் சொற்பம். நன்றாகச் செருகிய காதடைப்பான் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். 160 என்பது 135 ஆனாலே எல்லைக்குள் வந்துவிட்டோம். குட்டைக் குழல் துப்பாக்கியோ உள்ளறைச் சுடுதலோ ஆனால், அடைப்பானுக்கு மேலே செவிமூடியையும் சேர்த்து அணிவது உத்தமம். ஆனால் பஞ்சைத் திரித்து வைத்துக்கொள்வது பாதுகாப்பாகாது. அடைப்பானை அரைகுறையாகச் செருகுவதும் வீணே. விரலால் உருட்டிச் சிறிதாக்கி, மற்றொரு கையால் செவிமடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். செவி அடைத்துக்கொள்பவன் கோழை என்று கேலி செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காது கேளாமை வீரத்தின் அடையாளமன்று. காட்டில் இலை அசையும் ஓசையைக் கேளாதவன் காவலுக்கு எங்ஙனம் உதவுவான்?

என்.சி.சி.யில் சேர்ந்த நம் பிள்ளைகளின் பெற்றோர் அஞ்ச வேண்டா என்பதையும் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் சுடுவது பெரும்பாலும் .22 துப்பாக்கி. ராணுவத் தோட்டாவில் ஒன்றரை கிராமுக்கு மேல் மருந்து. இதிலோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவே. அச்சிறு மருந்து நீண்ட குழலுக்குள்ளேயே எரிந்து பலமெல்லாம் செலவாகிவிடுகிறது. ஆகையால் வாய்வெடி அற்பம். குழல் நீளத்தின் நன்மைக்கு இதனினும் தெளிவான உதாரணம் இல்லை. ஆயினும் அடைப்பான் அணியும் பழக்கத்தை அங்கேயே தொடங்குதல் நன்று. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பெயர் பெற்ற 10 மீட்டர்ப் போட்டியில் வழங்குவது காற்றுத் துப்பாக்கி. அதில் மருந்தே இல்லை. பெண்பிள்ளைகளுக்குக் குறி பார்க்கும் கலையில் விருப்பம் இருக்குமானால், செவிக்குப் பயமின்றித் தொடங்க அதுவே ஏற்றது.

சட்டம் சொல்வது

குழலை அறுப்போம் என்பவர்க்கு ஒரு வார்த்தை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கிக் குழலைக் குறைத்தல் ஆகாது என்று விதிக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. வைத்திருக்க அனுமதி வேறு, அறுக்க அனுமதி வேறு. ஓசையையோ தீக்கொழுந்தையோ குறைக்கும் கருவியையும் அச்சட்டம் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. ஆகையால் பட்டறையில் சொல்லி ஓசையடக்கி செய்து மாட்டலாம் என்பதும் குற்றமே. அன்றியும், சினிமாவில் காட்டுவது போல் அக்கருவியால் ஓசை முழுதும் மறைவதில்லை. வாய்வெடி குறையும், குண்டு ஆகாயத்தைக் கிழிக்கும் வெடிப்பு அப்படியே நிற்கும். கொல்லன் பட்டறையில் அறுத்த குழல்வாய் சமமாயிராது. குறியும் கெடும், கையும் நடுங்கும், செவியும் போகும், இறுதியில் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் சொன்னவற்றால், குழலின் நீளம் என்பது அழகுக்காகவோ ஆடம்பரத்துக்காகவோ அமைந்ததன்று என்பதும், குறைத்தால் கைக்கு வரும் இலாபத்துக்குச் செவி கூலி கொடுக்கிறது என்பதும், தோட்டாவைக் குழலுக்கேற்ப அமைத்தாலன்றி அக்கூலி குறையாது என்பதும் விளங்கும். எத்துப்பாக்கியைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவர் அரசாங்கத்தார். நம் பிள்ளைகள் அல்லர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு சுட வேண்டியவர்களே அவர்கள். ஆகையால் அவர்கள் கையில் உள்ளதை அவர்கள் தவறாமல் செய்ய வேண்டும்.

நம் சங்கத்தார்க்கு யாம் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும் விண்ணப்பம் மூன்று. காவல் படைக்கும் பட்டாளத்துக்கும் தெரிவாகும் நம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் வழியனுப்பும்போது மாலையோடு நல்ல காதடைப்பான் ஒரு ஜோடியும் கொடுத்தனுப்புக. அவர்கள் புறப்படுமுன் செவிப் பரிசோதனை ஒன்று செய்வித்து அந்தக் காகிதத்தை வீட்டில் பத்திரப்படுத்துக; பின்னாளில் செவி குறைந்தால், சேரும்போது எவ்வாறிருந்தது என்று காட்ட அதுவே சாட்சி. ஓய்வு பெற்று வந்த பெரியோர்களின் செவியையும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க நமது சங்கமே ஒரு நாள் முகாம் நடத்துக. மாலைக்கும் மேளத்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

தேசத்தைக் காக்கச் செல்லும் பிள்ளை, முப்பது வருஷம் கழித்து வீடு திரும்பித் தன் பேரக் குழந்தையின் மழலையைத் தெளிவாகக் கேட்டு மகிழ வேண்டும் என்பதே நம் பிரார்த்தனை.